பரிசலை மறந்து வட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: நான் பாலக்கோட்டுக்காரன். ஒரு வருடமாகப் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது 18-55 மி.மீ. ஜூம் லென்ஸும் போனும்தான். ஒகேனக்கல் பரிசல் துறையில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கரையில் கவிழ்த்து வைத்த பரிசல்கள், அவற்றுக்கு இடையே என் நண்பன், பின்னால் ஆறு. ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, படத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கும் கோட்டில்தான் (மூன்றில் ஒரு பங்கு விதி) அவனை நிறுத்தினேன். ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது. வடிவங்களை வைத்துப் படத்தைக் கட்டு என்கிறார்கள். அது எப்படி அண்ணா? வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்:

லென்ஸ் இப்போது வேண்டாம் தம்பி. உங்கள் படத்தில் பதினொரு பரிசல்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு வட்டம்கூட இல்லை. பரிசலின் அழகே அது வட்டமாக இருப்பதுதான். நீங்கள் அவற்றோடு ஒரே தரையில் நின்று, நெஞ்சு உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். அதனால் ஒவ்வொன்றும் கறுப்பாக, தட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. நண்பனின் கறுப்புப் பேண்டும் அந்தக் கறுப்போடு ஒட்டிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே ஆள் எங்கே முடிகிறார், பரிசல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அக்கரையின் கோடு சரியாக அவர் கழுத்தில் ஓடுகிறது. நீங்கள் எடுக்கும்போது "பரிசல், நண்பன், ஆறு" என்று பெயர்களைப் பார்த்தீர்கள். கேமராவுக்குப் பெயர் தெரியாது. அது இருட்டுத் திட்டுகளையும் வெளிச்சத் திட்டுகளையும்தான் பதிவு செய்யும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் நான் வேலை கற்றுக்கொண்ட ஸ்டுடியோவின் முதலாளி. அப்போது ஒரு ஃபிலிம் ரோலுக்கு 36 படம். நான் ஒரு ரோல் முழுக்க அருவியையும் பரிசலையும் எடுத்து, பிரிண்ட் போட்டு, பெருமையோடு மேசையில் பரப்பினேன். அவர் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு, "இப்ப என்ன தெரியுது, சொல்லு" என்றார். ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறக் கசங்கல் மட்டும்தான். ஒரே ஒரு படத்தில் மட்டும் நீள்வட்டம் ஒன்றும் அதைக் குறுக்கே வெட்டும் துடுப்பும் தலைகீழாகவும் பளிச்சென்று தெரிந்தன. "இது ஒண்ணுதான் படம்" என்றார். அவர் பழகியது கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்க்கும் பெரிய கேமராவில். அதில் பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகத்தான் விழும். தலைகீழாக இருக்கும் முகத்தைப் பார்த்து "மாமா", "மாப்பிள்ளை" என்று கண் சட்டென்று அடையாளம் காணாது. திட்டுகளின் எடையும் சாய்வும்தான் முதலில் கண்ணில் படும். அந்தத் தலைமுறைக்காரர்கள் வேறு வழியில்லாமல் வடிவத்தைப் பார்க்கப் பழகினார்கள். நமக்குத் திரையில் எல்லாம் நேராகத் தெரிவதால் அந்தப் பயிற்சி போய்விட்டது.

உங்கள் படத்தை இப்போதே போனில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அல்லது கண்ணைப் பாதி மூடி, இமை இடுக்கு வழியாகப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். நாலைந்து தெளிவான திட்டுகள் மிஞ்சினால் படத்துக்கு எலும்பு இருக்கிறது என்று அர்த்தம்.

வட்டத்தை எடுத்துக்கொள்வோம், உங்கள் கேள்வியே அதில்தான் இருக்கிறது. ஒகேனக்கல் பரிசல் சுமார் ஏழெட்டு அடி குறுக்களவு உள்ள வட்டம். மூங்கில் பிளாச்சில் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, தார் பூசியது. ஆனால் வட்டம் வட்டமாகத் தெரிவது நேர் மேலிருந்து பார்த்தால் மட்டும்தான். சாய்வாகப் பார்க்கும்போது அது நீள்வட்டமாகச் சப்பையாகிவிடும். எவ்வளவு சப்பையாகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தண்ணீர் மட்டத்திலிருந்து 30 பாகை மேலே இருந்து பார்த்தால், வட்டத்தின் உயரம் அகலத்தில் சரியாகப் பாதி. 45 பாகையில் பத்தில் ஏழு பங்கு. கரையில் நின்று, கண் ஐந்தடி உயரத்தில், இருபதடி தள்ளி மிதக்கும் பரிசலைப் பார்த்தால் கோணம் 14 பாகைதான் வரும். அப்போது வட்டத்தில் கால் பங்கு உயரம்தான் மிஞ்சும். உங்கள் படத்தில் நடந்தது இதுதான். தொங்கு பாலத்தின் மேல் ஏறி, அடியில் பரிசல் வரும்வரை காத்திருந்தால் அதே பரிசல் முழு நிலாவாகத் தெரியும். உள்ளே சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் பூவிதழ் மாதிரி வட்டத்துக்குள் அமையும். பரிசல்காரரின் துடுப்பு அந்த வட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே நீட்டும். முழுசாக மூடிய வட்டத்தில் கண் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். துடுப்புதான் அதை வெளியே கூட்டிப்போகும் வழி. அதனால் துடுப்பு நீண்டிருக்கும் நொடிக்காகக் காத்திருங்கள், துடுப்பு நீளும் பக்கம் கொஞ்சம் கூடுதல் தண்ணீரையும் விடுங்கள்.

இரண்டு பரிசல்கள் வந்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு விளிம்பும் தொட்டும் தொடாமலும் நிற்கும் கணத்தில் எடுத்துவிடாதீர்கள். அந்தத் தொடும் புள்ளியில் கண் போய்ச் சிக்கிக்கொள்ளும், காலில் குத்திய முள் மாதிரி. ஒன்று, நன்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். இல்லையென்றால் நடுவே தண்ணீர் தெரியட்டும். சட்டகத்தின் ஓரத்துக்கும் இதே விதிதான். வட்டம் ஓரத்தை உரசக்கூடாது. உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது துணிந்து வெட்டுங்கள். வட்டத்தில் பாதிக்கு மேல் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கண் தானே போட்டுக்கொள்ளும்.

போனின் வழக்கமான கேமராவே அகலக் கோணம் கொண்டது. அதன் ஓரத்தில் உருண்டையான பொருளை வைத்தால் வெளிப்பக்கமாக இழுபட்டு முட்டை வடிவமாகிவிடும். குடம், களி உருண்டை, குழந்தையின் தலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வட்டத்தை நடுவுக்குப் பக்கத்தில் வையுங்கள். அல்லது நாலடி பின்னால் போய் 55 பக்கம் லென்ஸைத் திருப்பி எடுங்கள். அதனால்தான் உங்கள் லென்ஸே போதும் என்றேன்.

முக்கோணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம், வீட்டில் களி கிண்டுவதைப் பாருங்கள். உங்கள் பாட்டி தரையில் உட்கார்ந்து, பானையைக் காலால் அண்டைகொடுத்து, இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக் கிண்டும்போது தோள்கள் இரண்டு முனை, சேர்ந்த கைகள் மூன்றாவது முனை. கீழ்நோக்கி நிற்கும் முக்கோணம் அது, அடியில் பானையின் வட்ட வாய். கூர் கீழே இருக்கும் முக்கோணம் ஓயாது, அதில் எடையும் வேகமும் இருக்கும். ராகி மாவு இறுகும்போது அந்தக் கையில் எவ்வளவு பலம் போகிறது என்பதை முகத்தைக் காட்டாமலே அந்த வடிவம் சொல்லிவிடும். வேலை முடிந்து அவர் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்காரும்போது அடி அகன்று தலை மேலே வந்துவிடும். இப்போது முக்கோணம் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஆளும் அடுப்படியும் அதேதான், படம் தரும் உணர்வு மட்டும் நேர் எதிர்.

கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போதும் நான் இதைத்தான் பார்ப்பேன். எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தால் தலைகள் வேலிக்கல் நட்ட மாதிரி இருக்கும். பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மகன்களையும் மருமகள்களையும் பின்னால் நிறுத்தி, பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்தால் வரிசைக்கு வரிசை தலைகளைச் சேர்த்துப் பார்த்தால் முக்கோணங்கள் வரும். கண் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குச் சறுக்கிக்கொண்டே போகும், யாரும் விட்டுப்போக மாட்டார்கள்.

கோடே இல்லாமல் வடிவம் தெரிவதெப்படி என்று கேட்கலாம். புள்ளிக் கோலம் போடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்மா புள்ளி வைத்து முடித்தவுடனே, இழை இழுப்பதற்கு முன்பே, நமக்குக் கட்டமும் சாய்சதுரமும் தெரிந்துவிடும். காயெட்டானோ கனீட்சா என்ற இத்தாலிய உளவியலாளர் 1955-இல் இதை ஒரு வரைபடத்தால் காட்டினார். மூன்று கறுப்பு வட்டங்களில் ஆளுக்கொரு துண்டை வெட்டி எடுத்து, வெட்டிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால், நடுவே வெள்ளை முக்கோணம் ஒன்று பளிச்சென்று தெரியும். அங்கே அப்படி எதுவும் வரையப்பட்டிருக்காது. படம் எடுப்பவருக்கு இதில் பெரிய உதவி இருக்கிறது. வடிவத்தை முழுசாகக் காட்ட வேண்டியதில்லை. மூன்று புள்ளிகளைச் சரியான தூரத்தில் வைத்தால் போதும். கிருஷ்ணகிரியைச் சுற்றி ஏதாவது குன்றில் ஏறி மாந்தோப்பைப் பாருங்கள். பழைய தோப்புகளில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்று சதுரமாக நட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் ஒரு பச்சைப் புள்ளி, நிலமே கோலம். குன்றின் மேலேயே கொஞ்ச தூரம் இடப்பக்கம் நகர்ந்தால் நேர் வரிசை தெரியும், இன்னும் நகர்ந்தால் மூலைவாட்டு வரிசை திறக்கும். மரம் நகரவில்லை, நீங்கள்தான் நகர்ந்தீர்கள். வடிவத்தை உண்டாக்குவது முக்கால்வாசி நம் கால்கள்தான்.

பார்வையின் திசையும் கோடுதான். ஒருவர் எங்கோ பார்த்தால் நம் கண்ணும் அங்கே போகும். உங்கள் நண்பர் கேமராவைப் பார்ப்பதற்குப் பதில் பரிசலைப் பார்த்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் இழை விழுந்திருக்கும்.

அடுக்கடுக்காக ஒரே வடிவம் வரும் காட்சிகள் நம் பக்கம் ஏராளம். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிப் பெட்டிகள், கிருஷ்ணகிரி அணையின் எட்டு மதகுகள், கிரானைட் குவாரியில் வெட்டி அடுக்கிய கற்கள். இவற்றை எடுப்பது சுலபம், அலுத்துப்போவதும் சுலபம். அடுக்கை எங்கே உடைப்பது என்பதுதான் கேள்வி. எனக்குப் பிடித்தது பட்டுப்புழு வளர்ப்பு மனையில் இருக்கும் சந்திரிகை. மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக வளைத்துப் பதித்திருப்பார்கள், அந்தச் சுருளின் இடுக்கில் புழு ஏறிக் கூடு கட்டும். கூடு கட்டி முடிந்த சந்திரிகையில் சுருள் ஒரு பெரிய வடிவம், அதற்குள் நூற்றுக்கணக்கான குட்டி நீள்வட்டங்கள். நேராக எடுத்தால் அட்டவணை மாதிரி இருக்கும். கூடு பறிக்கும் பெண்மணியின் கை உள்ளே வரட்டும். அவர் பறித்த பகுதி வெறுமையாகவும் பறிக்காத பகுதி நிறைந்தும் இருக்கும் நேரத்தில் எடுங்கள். சுருள் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போய் அந்தக் கையில் விடும். வெறும் வடிவப் படமாக இருந்தது அப்போது உழைப்பின் படமாகிவிடும். உள்ளே போவதற்கு முன் அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சமே நன்றாக இருக்கும்.

இடைவெளிக்கும் வடிவம் உண்டு. பழகுவதற்கு நாளாகும் பாடம் இது. கையை இடுப்போடு ஒட்டி நிற்கும் ஆள் தூரத்தில் ஒரு மூட்டை. முழங்கையை ஒரு சாண் வெளியே எடுத்தால் கைக்கும் உடம்புக்கும் நடுவே வானம் ஒரு முக்கோணமாகத் தெரியும், உடனே அது ஆள் என்று தெரிந்துவிடும். மாலையில் மாட்டையும் ஆளையும் வானத்துக்கு எதிரே கறுப்பாக எடுக்கும்போது, மாட்டின் நான்கு கால்களும் தனித்தனியாகத் தெரியும்படி நடுவே வெளிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கால்கள் ஒட்டியிருந்தால் அது அடுத்த அடி எடுத்து வைக்கும்வரை பொறுத்திருங்கள்.

சூளகிரி பக்கம் மல்லசந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. போகாவிட்டால் ஒருமுறை போய்வாருங்கள். பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டி மாதிரி அமைத்து, மேலே ஒரு மூடுகல் வைத்து, ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். இடுதுளை என்பார்கள். செவ்வகத்துக்குள் ஒரு வட்டம், அதற்குள் இருட்டு. அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான் கேமராவின் சட்டகமும் ஒரு வடிவம் என்பது எனக்கு உறைத்தது. நாம் எந்தப் படம் எடுத்தாலும் அதில் முதல் வடிவம் அந்தச் செவ்வகம்தான். உங்கள் கேமராவில் அது 3:2, போனில் பெரும்பாலும் 4:3. அந்தத் துளையை மட்டும் எடுக்கும்போது நீளச் செவ்வகத்தில் இரண்டு பக்கமும் வேலையில்லாத இடம் மிஞ்சியது. 1:1 என்று சதுரமாக்கியதும் வட்டம் இறுக்கமாக உட்கார்ந்தது. சுற்றிலும் பாறையும் வானமும் சேர்ந்த காட்சிக்கு நீளமே பொருத்தமாக இருந்தது. எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விடாமல், எந்தச் செவ்வகம் என்பதை எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள். அந்தக் கற்களின் மேல் ஏறாதீர்கள், சாயவும் வேண்டாம்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒரே பொருளுக்கு வெளிச்சம் மூன்று விதமான வாழ்வு கொடுக்கும். பின்னாலிருந்து வந்தால் வெறும் விளிம்பு மிஞ்சும், அது சுத்தமான வடிவம். போனில் பிரகாசமான வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும். பக்கவாட்டில் வந்தால் ஒரு பக்கம் ஒளி, ஒரு பக்கம் நிழல் என்று பொருள் திரண்டு நிற்கும். வட்டம் உருண்டையாவது அப்போதுதான். நமக்குப் பின்னாலிருந்து நேராக வந்தால் எல்லாம் தெரியும், எதுவும் திரளாது. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் வயல்வெளிகளிலும் நிற்கும் நடுகற்களை, அதாவது சண்டையில் விழுந்த வீரர்களுக்கு நட்ட கற்களைப் பாருங்கள். அவற்றில் செதுக்கிய உருவத்துக்கு ஆழமே இருக்காது. உச்சி வெயிலில் வெறும் கல்லாகத் தெரிவது, காலை வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும்போது வாளும் வில்லும் மடக்கிய முழங்காலுமாக எழுந்து நிற்கும். ஓங்கிய வாள், விரிந்த கால், நீட்டிய வில் என்று அந்த வீரனே முக்கோணங்களால் ஆனவன். வயலில் இருக்கும் கல்லுக்கு வெயில் எந்தப் பக்கத்திலிருந்து உரசும் என்று முதல்நாளே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்கள் ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. இங்கே சூரியன் பெரிதாகச் சாயாமல் கிட்டத்தட்ட நிமிர்ந்தே ஏறும், மணிக்கு 15 பாகை வீதம். அதனால் பக்கவாட்டு வெளிச்சம் நன்றாக இருப்பது விடிந்த பிறகு ஒரு மணி நேரம், அடைவதற்கு முன் ஒரு மணி நேரம். ஏப்ரல் 22, 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அந்த நேரத்தில் திரட்சியைத் தேடிப் பயனில்லை. பாலத்தின் மேலிருந்து கீழே பார்க்கும் தட்டையான வட்டங்களுக்கு அந்த வெயில் ஒத்துவரும்.

மூன்றில் ஒரு பங்கு விதியை நீங்கள் இறுகப் பிடித்திருக்கிறீர்கள். ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் 1797-இல் அதை எழுதியபோது நிலக்காட்சி ஓவியத்தில் வானம் எவ்வளவு, நிலம் எவ்வளவு என்பதைப் போன்ற பங்கீட்டைப் பற்றித்தான் பேசினார். ஒரு பொருளை எங்கே வைப்பது என்பதற்கு அது கைகொடுக்கும். எதை வைப்பது என்பதற்குக் கைகொடுக்காது. நண்பர் சரியான கோட்டில் நின்றும் படம் நிற்காததற்குக் காரணம், அவருக்கு அங்கே தனி வடிவம் இல்லாததுதான்.

ஒரு வாரம் வட்டம் மட்டும் எடுங்கள். குடம், சக்கரம், கிணற்று வாய், தோசைக்கல், எதுவானாலும் சரி, ஒரு நாளைக்கு ஐந்து படம் போதும். அடுத்த வாரம் முக்கோணம். எடுத்தவற்றை ராத்திரி கறுப்பு வெள்ளையாக்கி, தலைகீழாகத் திருப்பி, கட்டை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் வடிவம் தெரிகிற படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அதே பரிசல் துறைக்கு, அதே நண்பரோடு, காலை ஏழு மணிக்குள் போங்கள். கறுப்புப் பேண்டுக்குப் பதில் வெள்ளை வேட்டி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், தார்க் கறுப்பின் முன்னால் ஆள் தனியாகத் தெரிவார். பதினொன்றையும் எடுக்க வேண்டாம், மூன்று போதும். மேடான பாறையில் ஏறிக் கீழ்நோக்கிப் பாருங்கள். கவிழ்ந்த பரிசல்கள் மூன்றும் மூன்று குவிமாடமாக, ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே மணல் தெரியும்படி இடம் மாறி நில்லுங்கள். நண்பர் நடுவில் நிற்க வேண்டாம். ஓரத்துப் பரிசலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பாறை ஈரமாக இருந்தால் ஏறாதீர்கள், அங்கே வழுக்கும். எடுத்ததும் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.